இடிபாடா, சாம்பலா, ஸ்லாக்கா? வீட்டுக் காங்கிரீட்டில் எந்தக் கழிவை எங்கே சேர்ப்பது

தாம்பரம் பக்கம் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், தன் பழைய வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் ஆயிரம் சதுர அடியில் புது வீடு கட்டும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார். இடித்து முடித்த மறுநாள் காலை போனபோது அந்தக் குவியலின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். "தம்பி, இது எங்க வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்துக் கட்டினது. இதை லாரியில ஏத்தி ஏதாவது ஏரியில கொட்டத்தான் வேணுமா? இதையே அரைச்சு புது வீட்டுக்குக் காங்கிரீட் போட முடியாதா?" என்று கேட்டார்.

முடியாது என்று சொல்லிவிடுவது சுலபம். முடியும் என்று சொல்வதும் சுலபம்தான், கழிவிலிருந்து காங்கிரீட் என்று காட்டும் வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. உண்மையான பதில் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதை அவரிடம் சொல்லி முடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. அதே முடிவை எடுக்க வேண்டிய மற்றவர்களுக்காக இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிடலாம். காங்கிரீட்டில் இருப்பது சிமெண்ட், மணல், ஜல்லி, தண்ணீர். சிமெண்டின் இடத்தைப் பிடிக்கும் கழிவு ஒரு ரகம்: அனல்மின் நிலையச் சாம்பல், இரும்பு உலையின் கசடான ஸ்லாக். ஜல்லியின், மணலின் இடத்தைப் பிடிக்கும் கழிவு இன்னொரு ரகம்: வீட்டு இடிபாடு, தாமிர ஆலைக் கசடு. முதல் ரகத்தால் காற்றுக்கு லாபம். இரண்டாம் ரகத்தால் ஏரிக்கும் மலைக்கும் லாபம். இந்த இரண்டையும் ஒரே தராசில் போட்டு எது பசுமை என்று கேட்டால் பதில் குழம்பித்தான் போகும்.

கணக்கைப் பார்ப்போம். ஆயிரம் சதுர அடி வீட்டுக்குத் தோராயமாக 400 மூட்டை சிமெண்ட் ஆகும், அதாவது 20 டன். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் ஏறத்தாழ 1450 டிகிரியில் சுட்டால் கிளிங்கர் கிடைக்கும். அதை அரைத்தால் சிமெண்ட். ஒரு டன் கிளிங்கருக்கு 850 கிலோ அளவுக்குக் கரியமில வாயு வெளியேறுகிறது. அதில் பாதிக்கும் மேலே அடுப்பெரிப்பதால் வருவதில்லை, சுண்ணாம்புக்கல் சுடும்போது கல்லுக்குள்ளிருந்தே கிளம்புகிறது. அடுப்பை எப்படி மாற்றினாலும் அதைத் தடுக்க முடியாது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருவதற்குக் காரணம் இதுதான்.

400 மூட்டையும் சாதா சிமெண்டாக, அதாவது ஓ.பி.சி.யாக இருந்தால் அந்த வீட்டின் சிமெண்டுக்கு மட்டும் சுமார் 16 டன் கரியமில வாயு. மூன்றில் ஒரு பங்கு சாம்பல் கலந்த பி.பி.சி. என்றால் அது 11 டன்னுக்கு இறங்கும். பாதி ஸ்லாக் உள்ள பி.எஸ்.சி. என்றால் 8 டன் அளவுக்கு வந்துவிடும். இடிபாட்டு ஜல்லியின் கணக்கு என்ன? கருங்கல்லை வெட்டி உடைக்க டன்னுக்குச் சில கிலோ வாயுதான் ஆகிறது. ஜல்லியில் ஐந்தில் ஒரு பங்கை மாற்றினாலும் மொத்த வீட்டுக்கும் மிச்சமாவது நூறு கிலோவைத் தாண்டாது. அரைக்கும் இடத்துக்கு லாரி போய்வரும் டீசலிலேயே அது கரைந்துவிடலாம்.

அதனால் அந்த அம்மாவிடம் நான் முதலில் பேசியது குவியலைப் பற்றி அல்ல, சிமெண்ட் மூட்டையைப் பற்றி.

சாம்பல் சிமெண்ட்

வட சென்னை, மேட்டூர், தூத்துக்குடி என்று நம் அனல்மின் நிலையங்கள் எல்லாமே நிலக்கரியை எரித்துச் சாம்பலைக் குவிக்கின்றன. சாம்பல் சேறு எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்து அங்கே மீன்பிடிப்பவர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அந்தச் சாம்பல் சிமெண்டுக்குள் போனால் அவர்களுக்கும் நல்லது.

சாம்பலைச் சேர்ப்பது ஏதோ கலப்படம் என்ற எண்ணம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. நடப்பது இதுதான். சிமெண்ட் தண்ணீருடன் சேரும்போது பசையோடு கூடவே சுண்ணாம்பும் உண்டாகிறது. அந்தச் சுண்ணாம்பு காங்கிரீட்டுக்குப் பெரிய பலம் எதுவும் தருவதில்லை. சாம்பலில் இருக்கும் சிலிக்கா, ஈரம் இருக்கும்வரை அந்தச் சுண்ணாம்புடன் மெதுவாகச் சேர்ந்து மேலும் பசையாக மாறுகிறது. நுண்துளைகள் அடைபடுகின்றன. நம் முன்னோர் சுண்ணாம்பில் செங்கல் தூளைப் போட்டு சுர்க்கி என்று கலந்தது இதே காரணத்துக்காகத்தான். 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கலவையில் எழுந்தது. செங்கல் தூள் அன்று செய்த வேலையை இன்று சாம்பல் செய்கிறது.

கொத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை. "பூச்சுக்கு சாம்பல் சிமெண்ட் ஓகே சார். தளத்துக்கு அம்பத்துமூணு கிரேடு போடலைன்னா நான் பொறுப்பில்ல" என்றார். அவர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது, அதற்கு ஆதாரம் இருக்கிறது. இந்தியத் தரநிலை 53 கிரேடு சாதா சிமெண்டிடம் 3 நாளில் 27, 7 நாளில் 37, 28 நாளில் 53 மெகாபாஸ்கல் பலம் கேட்கிறது. பி.பி.சி.யிடம் கேட்பது 16, 22, 33. இவை குறைந்தபட்ச அளவுகள்தான். சந்தையில் வரும் நல்ல பி.பி.சி. 28 நாளில் 50-ஐத் தொடுவது சாதாரணம். ஆனால் முதல் சில நாட்களில் பி.பி.சி. பின்தங்கித்தான் இருக்கும். சென்டரிங் பலகைக்கும் ஜாக்கிக்கும் நாள் வாடகை கொடுக்கிறவருக்கு அந்த முதல் நாட்கள்தான் முக்கியம்.

இதில் நான் பட்ட அனுபவம் ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன், மே மாத வெயிலில் ஒரு வீட்டுக்கு பி.பி.சி.யில் தளம் போட்டோம். மூன்று நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். நான்காம் நாள் தண்ணீர் லாரி வரவில்லை, ஐந்தாம் நாளும் வரவில்லை, அப்புறம் எல்லோரும் மறந்துபோனோம். நான் போய்ப் பார்த்தபோது மேலே மயிரிழை வெடிப்புகள். விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டியது. எல்லோரும் சிமெண்ட்டைத் திட்டினார்கள். ஆனால் அன்று அதே கலவையில் பலம் சோதிக்க வார்த்தெடுத்த கட்டிகள், அதாவது கியூப்கள், தொட்டித் தண்ணீரில் 28 நாள் கிடந்தன, சோதனையில் நன்றாகவே தேறின. ஒரே மூட்டை, ஒரே கலவை. தொட்டியில் கிடந்தது தேறியது, வெயிலில் கிடந்தது பொடிந்தது. சாம்பலுக்கு வேலை செய்ய நாங்கள் தண்ணீர் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 இதைத் தெளிவாகவே சொல்கிறது: சாதா சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரம், கலப்புச் சிமெண்டுக்கு 10 நாள், சூடும் வறட்சியும் உள்ள இடத்தில் 14 நாள் வரை. நம் ஊர் வெயிலுக்கு 14 நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சென்டரிங்கும் கூடச் சில நாள் இருக்கட்டும். இந்த இரண்டுக்கும் சம்மதம் என்றால் தூண், பீம், தளம், பூச்சு எல்லாவற்றுக்கும் பி.பி.சி.யே போதும். மூட்டை விலையும் சற்றுக் குறைவு.

ஒரு எச்சரிக்கை. சாம்பலைத் தனியாக லாரியில் வாங்கி சைட்டில் கலக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சிமெண்ட் ஆலைக்குப் போவது புகைபோக்கிக்கு முன்னால் பிடிக்கப்படும் மென்மையான உலர் சாம்பல், அது சோதித்து எடுக்கப்படுவது. கொதிகலனின் அடியில் விழும் கரடுமுரடான சாம்பலும் குட்டையில் ஊறிய சாம்பலும் வேறு சரக்கு. தவிர, பி.பி.சி.யில் ஏற்கெனவே 35 சதவீதம் வரை சாம்பல் இருக்கலாம். அதன்மேல் இன்னொரு கை போட்டால் பலம் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஸ்லாக் சிமெண்ட்

இரும்புத் தாதுவை உருக்கும்போது மேலே மிதக்கும் கசடைத் தண்ணீரில் சட்டென்று குளிரவைத்தால் மணல் போன்ற கண்ணாடித் துகள் கிடைக்கும். அதை அரைத்துக் கலப்பதுதான் பி.எஸ்.சி. தரநிலை இதில் 25 முதல் 70 சதவீதம் வரை ஸ்லாக்கை அனுமதிக்கிறது. கரியமில வாயுக் கணக்கில் பி.பி.சி.யை விட இது முன்னால் நிற்பதற்குக் காரணம் அந்த 70.

இதன் உண்மையான அருமை கடலோரத்தில்தான் தெரியும். நம் கடற்கரை ஊர்களில் இருபது வருட வீட்டின் சன்ஷேடைப் பார்த்திருப்பீர்கள்: கம்பி துருப்பிடித்து, பருத்து, காங்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே தொங்கும். உப்பு நுண்துளை வழியாகக் கம்பியைத் தொட்டதன் விளைவு. ஸ்லாக் நிறைய உள்ள காங்கிரீட்டில் அந்தத் துளைகள் மிக நுணுக்கமாகிவிடுவதால் உப்பு உள்ளே போக நெடுங்காலம் ஆகும். கிழக்குக் கடற்கரைச் சாலை, நாகப்பட்டினம், ராமேஸ்வரம், தூத்துக்குடி மாதிரி இடத்தில் வீடு கட்டுகிறவர் என்னிடம் கேட்டால் யோசிக்காமல் பி.எஸ்.சி. என்பேன். ஐம்பது வருடம் நிற்க வேண்டிய வீடு இருபத்தைந்தில் இடிபட்டால் எவ்வளவு சாம்பல், ஸ்லாக் சேர்த்திருந்தும் பயனில்லை.

சென்டரிங் பிரித்த உடனே தூணில் ஒரு மெல்லிய நீலப்பச்சை நிறம் தெரியும். வீட்டுக்காரர்கள் பயந்துபோய் போன் செய்வார்கள். ஸ்லாக்கின் இயல்பு அது, காற்றுப் பட்டால் தானாக வெளுத்துவிடும்.

குறை என்று சொன்னால், இதுவும் தொடக்கத்தில் மெதுவாகத்தான் இறுகும். எல்லாச் சிமெண்ட் கடையிலும் கிடைக்காது. தண்ணீர் விஷயத்தில் பி.பி.சி.க்குச் சொன்னதெல்லாம் இதற்கும் அப்படியே பொருந்தும். சாம்பலும் ஸ்லாக்கும் இரண்டுமே கலந்த காம்போசிட் சிமெண்டும் வருகிறது. அக்கம்பக்கத்தில் புதுச் சரக்காகக் கிடைத்தால் அதுவும் நல்ல தேர்வுதான்.

அப்புறம் அந்தக் குவியல்

அந்த அம்மாவைக் கூப்பிட்டு ஒரு பக்கெட் தண்ணீரில் இரண்டு கல்லைப் போட்டுக் காட்டினேன். ஒன்று புதுக் கருங்கல் முக்கால் ஜல்லி. இன்னொன்று அவர் வீட்டுப் பழைய தளத்தில் உடைந்த அதே அளவுத் துண்டு. ஜல்லி பேசாமல் அடியில் போய்க் கிடந்தது. பழைய துண்டிலிருந்து நூல் நூலாகக் குமிழிகள் கிளம்பி வந்துகொண்டே இருந்தன. கல்லைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய காரைதான் அப்படிக் குடிக்கிறது. நல்ல கருங்கல் தன் எடையில் ஒரு சதவீதம்கூடத் தண்ணீர் இழுக்காது. இடிபாட்டு ஜல்லி பல மடங்கு இழுக்கும். அதை அப்படியே கலவையில் போட்டால் சிமெண்டுக்குச் சேர வேண்டிய தண்ணீரை ஜல்லி குடித்துவிடும், கலவை கெட்டியாகும், சித்தாள் இன்னும் ஒரு குடம் ஊற்றுவார், பலம் இறங்கும். முந்தின இரவே நனைத்து வைத்தால் இதைச் சமாளிக்கலாம். ஆனால் நனைத்ததன் ஈரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சைட்டில் அதைச் செய்பவர்கள் அரிது.

ஜல்லிக்கும் மணலுக்குமான தரநிலை ஐ.எஸ். 383. 2016-இல் திருத்திய அது இடிபாட்டுக்கு முறையாகவே இடம் கொடுத்திருக்கிறது. பழைய காங்கிரீட்டை மட்டும் உடைத்து எடுத்த சுத்தமான ஜல்லி என்றால், கம்பி இல்லாத காங்கிரீட்டில் 25 சதவீதம், எம்25 (28 நாளில் 25 மெகாபாஸ்கல் பலம்) வரையிலான கம்பிக் காங்கிரீட்டில் 20 சதவீதம், எம்15-க்குக் கீழான, அடியில் பரப்பும் மெலிந்த காங்கிரீட்டில் முழுக்க முழுக்கச் சேர்க்கலாம். செங்கல், ஓடு, பூச்சு எல்லாம் கலந்த ஜல்லி என்றால் அந்த மெலிந்த காங்கிரீட்டுக்கு மட்டும்தான், கம்பிக் காங்கிரீட்டுக்குக் கிடையாது.

தரநிலை 20 சதவீதம் அனுமதிக்கிறது என்றால் தூணில் போட்டாலென்ன? நான் போடவில்லை. நாற்பது, ஐம்பது வருடம் முந்தைய காங்கிரீட்டில் என்ன மணல், என்ன தண்ணீர் சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. உப்பு இருக்கலாம், பூச்சுத் துண்டு ஒளிந்திருக்கலாம். ஆலையில் கழுவி, சலித்து, சோதித்து, சான்றிதழோடு வரும் ஜல்லியை ஒரு ரெடிமிக்ஸ் பிளான்ட் அளவோடு கலந்து கொடுத்தால் தாராளமாக வாங்குவேன். வீட்டு வாசலில் சுத்தியால் உடைத்ததைத் தூணில் போட என் மனம் ஒப்பவில்லை. அதில் மிச்சமாகும் வாயுவும் மிகக் கொஞ்சம் என்று மேலே பார்த்தோமே.

ஆனால் குவியலை வெளியே அனுப்பாமல் இருப்பதில் வேறு பெரிய நன்மை இருக்கிறது. ஒரு பக்கா வீட்டை இடித்தால் சதுர மீட்டருக்கு 300 முதல் 500 கிலோ வரை இடிபாடு சேரும். அந்தச் சின்ன வீட்டுக்கே 30 டன் வந்தது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டை அரைக்கும் ஆலைகள் இருக்கின்றன. ஆனாலும் ராத்திரியோடு ராத்திரியாக ஏரிக்கரையிலும் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்திலும் கொட்டும் டிப்பர்கள் நின்றபாடில்லை. டிசம்பர் மழையில் அந்தக் கணக்கு நம் வீட்டு வாசலுக்கே வந்து சேருகிறது. 2016-இல் வந்த இடிபாட்டு விதிகளே பிரித்து ஒப்படைக்க வேண்டும் என்றன. பிரிப்பதை நம் மனையிலேயே செய்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நாங்கள் செய்தது இதுதான். நான்கு பேர், ஆறு நாள். கம்பியை நிமிர்த்திப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டோம். முழுச் செங்கலைத் தட்டிச் சுத்தம் செய்து காம்பவுண்டுச் சுவருக்கு ஒதுக்கினோம். நன்றாக வெந்த செங்கல் துண்டுகளை இரண்டு அளவில் உடைத்தோம். ஒன்றரை அங்குலத் துண்டு, தளத் துண்டுகளோடு சேர்ந்து தரைக்கு அடியில் போடும் ஒன்றுக்கு நாலு எட்டு (சிமெண்ட், மணல், ஜல்லி) காங்கிரீட்டுக்குப் போனது. முக்கால் அங்குலத் துண்டை மொட்டைமாடிக்கு வைத்துக்கொண்டோம்.

மொட்டைமாடி பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். செங்கல் ஜல்லியும் நீற்றிய சுண்ணாம்பும் கலந்து, மூன்று அங்குலம் பரப்பி, கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டி, மேலே தட்டை ஓடு பதிப்பது நம் ஊர் வழக்கம். பொதுப்பணித் துறைக் கணக்கில்கூட 32 கன அடி ஜல்லிக்குப் பன்னிரண்டரை கன அடி சுண்ணாம்பு என்று இருக்கிறது. கழிவுச் செங்கல் சேர்ந்த, சிமெண்டே இல்லாத காங்கிரீட் இது. மழையையும் வெயிலையும் தாங்கும். இதைத் தட்டத் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

மீதி: பூச்சு, தூள், சின்னத் துண்டுகள். பேஸ்மென்டுக்குள் அரை அடி அரை அடியாகப் பரப்பித் தண்ணீர் விட்டு இடித்து நிரப்பினோம். மரச்சில் ஒன்றுகூட உள்ளே போகாமல் பொறுக்க வேண்டும், இல்லையென்றால் கரையான் வரும். வெளியிலிருந்து கிராவல் வாங்கும் செலவு பெருமளவு மிச்சம்.

கேட்கப்பட்ட மற்ற கழிவுகள்

அந்த அம்மாவின் மகன் ஒரு பட்டியலே அனுப்பினார். மதுரையில் பிளாஸ்டிக் போட்டுத் தார்ச்சாலை போட்டார்களே, காங்கிரீட்டிலும் போடலாமா? தார்ச்சாலைக்கு ஜல்லியைச் சூடாக்குவார்கள், அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் உருகி ஜல்லியைப் போர்த்திக்கொண்டு தாருடன் ஒட்டிக்கொள்கிறது. காங்கிரீட் தண்ணீரால் இறுகுவது. பிளாஸ்டிக் அதில் ஒட்டாது, பலவீனமான இடமாகத்தான் நிற்கும். வீட்டுக்கு வேண்டாம்.

கண்ணாடித் துண்டு சிமெண்டின் காரத்தோடு சேர்ந்து வருடக்கணக்கில் மெல்ல வீங்கி உள்ளிருந்தே வெடிப்பு தரும். மாவாக அரைத்தால் நல்ல சரக்கு, ஆனால் அதை யார் அரைத்துத் தருவது?

உமிச் சாம்பல் மனதை இழுக்கும் ஒன்று. தஞ்சை டெல்டாவில் அரிசி ஆலைக்கு ஆலை மலையாகக் கிடக்கிறது, பெரும்பகுதி சிலிக்காதான். ஆனால் 600, 700 டிகிரிக்குள் அடக்கி எரித்தால்தான் அந்த சிலிக்கா வேலை செய்யும். ஆலைக் கொதிகலனில் கண்டபடி எரிந்த கறுப்புச் சாம்பலில் வேகாத கரியும் இருக்கும், தண்ணீரும் அதிகம் கேட்கும். முறையாக எரிக்கும் ஆலைகள் பெருகினால் டெல்டாவுக்கு அது பெரிய வரம்.

தாமிரக் கசடை மணலுக்குப் பதிலாகக் கம்பிக் காங்கிரீட்டில் 35 சதவீதம் வரை தரநிலை அனுமதிக்கிறது. தூத்துக்குடி ஆலை 2018-இல் மூடியபின் ஒரு வீட்டுக்காரர் தேடிப் போக வேண்டிய பொருள் அல்ல அது.

எம்-சாண்ட்டையும் சிலர் கழிவு என்று நினைக்கிறார்கள். அது மலையை உடைத்துச் செய்வது. கிரஷர் தூளையே எம்-சாண்ட் என்று தலையில் கட்டுபவர்களும் உண்டு: ஒரு பாட்டில் தண்ணீரில் ஒரு பிடி போட்டுக் குலுக்கி வையுங்கள், மேலே கனமான சேற்றுப் படலம் நின்றால் லோடைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சரி, எதை எடுப்பது? கடலிலிருந்து தள்ளி இருக்கிறீர்கள், 14 நாள் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறது என்றால் வீடு முழுவதும் பி.பி.சி. கடலோரம் என்றால் பி.எஸ்.சி., அதற்காக நான்கு கடை ஏறி இறங்கலாம். ரெடிமிக்ஸ் வாங்கினால் கலவையில் எவ்வளவு சாம்பல், எவ்வளவு ஸ்லாக் என்று எழுத்தில் கேளுங்கள். லாரியில் வந்தபின் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்க விடாதீர்கள். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள ஊர், கோடை, அவசரமாகச் சென்டரிங் பிரிக்க வேண்டும் என்ற நிலைமை என்றால் தளத்துக்கு மட்டும் ஓ.பி.சி. போடுங்கள், மற்றதெல்லாம் பி.பி.சி. இருக்கட்டும். காய்ந்து பொடிந்த பசுமைத் தளத்தை விட ஈரம் கண்ட சாதாத் தளம் மேல். இடிபாடு எந்த நிலைமையிலும் மனையை விட்டுப் போகாமல் தரைக்கு அடியிலும் மொட்டைமாடியிலும் சேரட்டும்.

அந்த அம்மா பி.பி.சி.க்குச் சம்மதித்தார். கொத்தனாரும் வந்தார், முதல் தளத்தின் கியூப் முடிவைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு. காலையும் மாலையும் பாத்தியில் தண்ணீர் நிற்கிறதா என்று ஏணி ஏறிப் பார்த்தது அந்த அம்மாதான். முப்பது டன்னில் வெளியே போனது ஒரு டிப்பருக்கும் குறைவு: மரம், பழைய ஒயரிங் பைப், உடைந்த பீங்கான்.

பிரித்துக்கொண்டிருந்த நாளில் நீல டிஸ்டெம்பர் ஒட்டிய ஒரு பூச்சுத் துண்டைக் குனிந்து எடுத்தார். "இது சமையல்கட்டுச் சுவரு தம்பி" என்றார். பூச்சு ஒட்டியது காங்கிரீட்டுக்கு ஆகாது, நிரப்பத்தான் போகும் என்றேன். புதுச் சமையலறை எங்கே வருகிறது என்று கேட்டு, அந்தக் குழிக்குள் தானே கொண்டுபோய்ப் போட்டார்.